காளைக்கன்று பிறந்தால்? காங்கேயமும் ஜெர்சி கலப்பும்

எங்கள் கட்டுத்தறியில் இப்போது நிற்கிற மூன்றும் காங்கேயம் நாட்டு மாடுகள். அதற்கு முன் நான்கு வருடம் ஜெர்சி கலப்பு இரண்டு வைத்திருந்தேன். தாராபுரம் பக்கம் ஐந்து ஏக்கர். அதில் நான்கு ஏக்கர் கொரங்காடு, அதாவது வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம். கிணற்றுத் தண்ணீர் மீதி ஒரு ஏக்கருக்குத்தான் காணும்.

பாலில் போட்டியே இல்லை. ஜெர்சி கலப்பு நேரத்துக்கு ஐந்து லிட்டர் கறந்தது. காங்கேயம் நாள் முழுக்கவே இரண்டு, மூன்று லிட்டர்தான். மாதாமாதம் பால் பணம் வந்தாக வேண்டும் என்றால் ஜெர்சி கலப்பையே வாங்குங்கள், தவறில்லை.

என்னை மாற வைத்தது காளைக்கன்று. பிறக்கிற கன்றில் பாதி காளைதான். ஜெர்சி கலப்புக் காளைக்குத் திமில் எழும்பாது, நம் வெயிலில் நுகத்தடியும் தாங்காது. ஆனால் பால் குடிக்காமல் வளராது. நாளுக்கு இரண்டு லிட்டர் என்றால் மூன்று மாதத்தில் 180 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் 6,300 ரூபாய். அந்தக் கன்றுக்கு வியாபாரி கொடுத்தது 2,000 ரூபாய். பொள்ளாச்சி சந்தை வழியாகக் கேரளாவுக்குக் கறிக்குப் போகும் என்று அவரே சொன்னார். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் பாலை நிறுத்திக் கஞ்சித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கன்று கழிந்து கழிந்து சாகும். அப்படி ஒரு கன்று எங்கள் கட்டுத்தறியிலேயே போனது. அதன் கண் குழிவிழுந்து கிடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

காங்கேயத்தில் காளை பிறந்தால் வீடே சந்தோஷப்படும். இரண்டு காம்பு நமக்கு, இரண்டு கன்றுக்கு. மூன்றாம் மாதம் தாயோடு கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லைக் கடிக்கப் பழகிவிடும். கிளுவை வேலி இருப்பதால் மேய்க்க ஆள் வேண்டாம். உழவு குறைந்தாலும் வண்டிக்கும் ரேக்ளா பந்தயத்துக்கும் கேட்கிறார்கள். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஜல்லிக்கட்டுக்கென்று கேட்டு வருபவர்களும் உண்டு. போன வருடம் எட்டு மாதக் கன்று ஒன்றைப் பழையகோட்டை சந்தையில் 18,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். கன்றின் சுழியும் கொம்பும் அமைவதைப் பொறுத்து விலை ஏறும், இறங்கும்.

ஈனுவதிலும் வித்தியாசம் பார்த்தேன். ஜெர்சி கலப்புக் கிடாரியின் தலைச்சன் ஈத்துக்கு இரவு ஒரு மணிக்கு மருத்துவரைக் கூப்பிட்டு இழுத்தோம். நஞ்சுக்கொடி 12 மணி நேரம் ஆகியும் விழவில்லை. எங்கள் மயிலைப் பசு வெள்வேல் மரத்தடியில் பகலிலேயே ஈன்றது. நான் போய்ச் சேர்வதற்குள் கன்றை நக்கித் துடைத்திருந்தது. கன்று செவலை நிறத்தில், கால் நடுங்க எழுந்து, முதலில் தாயின் முன்னங்காலில் முட்டி, அப்புறம் மடியைக் கண்டுபிடித்துச் சீம்பால் குடித்தது. தொப்புளில் டிங்சர் அயோடின் வைத்தேன், பத்தாம் நாள் பூச்சி மருந்து கொடுத்தேன். என் வேலை அவ்வளவுதான். ஆறு மாதத்தில் அந்தச் செவலை உதிர்ந்து சாம்பல் நிறம் வந்துவிட்டது. ஆனால் நான் பார்த்தது கொஞ்ச ஈத்துதான். அதை வைத்துக் காங்கேயத்துக்குச் சிரமமே வராது என்று சொல்ல மாட்டேன்.

காங்கேயத்தில் ஒரு சங்கடம் உண்டு. கன்று முட்டாமல் பசு பால் இறக்காது, கன்று செத்தால் பெரும்பாலும் பாலும் நின்றுவிடும். ஜெர்சி கலப்பில் அந்தப் பயம் குறைவு.

வாய்க்கால் பாசனமும் பசுந்தீவனமும் இருக்கிற தோட்டத்தில் கணக்கு வேறாக வரலாம். அங்கே நான் மாடு வளர்த்ததில்லை. ஜெர்சி கலப்புதான் என்று முடிவு செய்தால், பாலினம் பிரித்த விந்தூசி போடுங்கள். பத்தில் ஒன்பது கிடாரிக்கன்றாகப் பிறக்கும். மாடு சினைக்குக் கத்திய பிறகு தேடினால் கிடைக்காது, கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.