மழைக்கு ஊதும் பீச் மரம்: தலவாக்கலையில் ஒரு ஸ்பிரிங் எயார் ரைபிள்

பண்டாரவளையிலுள்ள நண்பர் ஒருவருக்கு, என்னிடம் இருக்கும் அதே வகை ஸ்பிரிங் எயார் ரைபிள் ஒன்று குறைந்த விலையில் கிடைக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது. விற்பவர் வெளிநாடு செல்கிறாராம். வாங்கலாமா, வேண்டாமா என்று நண்பர் ஒரே வரியில் பதில் கேட்டிருந்தார். அந்த ஒரு வரியை எழுத எனக்கு வரவில்லை. அனுமதிப் பத்திரம், பெயர் மாற்றம், பூட்டிய அலுமாரி ஆகியவற்றை அவர் என்னைவிட நன்றாக அறிந்தவர். 4.5 மில்லிமீற்றர் குழல், குழலையே மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் முறை, ஏறத்தாழ 7.5 ஜூல் வலு என்பனவும் அவருக்குப் புதியவை அல்ல. ஆகவே பெட்டியோடு வரும் கையேட்டில் ஒரு சொல்லும் இல்லாத விடயத்தைப் பற்றியே எழுதுகிறேன். அது இந்த ரைபிளின் மரக்கட்டை, அதாவது தோளில் அணைத்துப் பிடிக்கும் மரப்பகுதி. தயாரித்த நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பீச் (beech, பழம் தரும் பீச் அல்ல) மரத்தில் கட்டை செய்து விற்கும் எல்லோருக்கும் இந்தக் குறை பொதுவானது, அதிலும் பாதிப் பழி நமது வானத்தைச் சேரும்.

முதலில் இந்த ரைபிளுக்குரிய மரியாதையைச் செலுத்திவிடுகிறேன். 2015இல் வாங்கியதிலிருந்து, விரலால் இழுக்கும் இதன் விசை ஒருமுறைகூட என்னை ஏமாற்றவில்லை. இருகட்ட விசை இது. முதற்கட்டத்தில் விரல் மெதுவாகப் பின்னே வந்து தெளிவாக ஓரிடத்தில் தட்டி நிற்கும். அங்கிருந்து மேலும் நகர்வதாக விரலுக்குத் தெரிவதற்கு முன்பே வெடி தீர்ந்திருக்கும். இதைவிட மும்மடங்கு விலையுள்ள ரைபிள்களிலும் இந்த இரண்டாம் கட்டத்தில் மணல் அரைபடுவதுபோன்ற ஒரு நெருடலைக் கண்டிருக்கிறேன். இதில் அது இல்லை. ஸ்பிரிங்கை ஒருமுறையும் ஸ்பிரிங் தள்ளக் காற்றை அழுத்தும் பிஸ்டனின் முத்திரை வளையத்தை (காற்றுக் கசியாமல் தடுக்கும் வளையம்) ஒருமுறையும் மாற்றினேன், இரண்டும் வீட்டு மேசையில் முடிந்த வேலைகள். குழலைப் பற்றிச் சொல்வதற்கு எதுவுமில்லை; நல்ல குழலுக்கு அதுவே போதுமான சான்று.

இனி வைகாசிக்கு வருவோம். எங்கள் கழகம் சுடுவது தலவாக்கலையிலுள்ள பழைய தேயிலைக் களஞ்சியம் ஒன்றினுள். தகரக் கூரை, சீமெந்துத் தரை, பத்து மீற்றர் தூரம், காற்றும் மழையும் உள்ளே வராது. மாசி, பங்குனி மாதங்களில் இந்த ரைபிள் ஒரே துளைக்குள் குண்டுகளை அடுக்கிக் காட்டும். தென்மேல் பருவக்காற்று தொடங்கி, வெயில் முகம் காட்டாத இரண்டு வாரம் கழிந்ததும், குறி பார்க்கும் பார்வைத் தட்டில் யாரும் கை வைக்காமலே, குண்டுகள் படும் இடம் முழுவதும் கீழே இறங்கி இடப்புறம் ஒதுங்கிவிடும். இறக்கம் ஐந்து மில்லிமீற்றர் அளவில் இருக்கும். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் பத்து மீற்றர் இலக்கு அட்டையைப் பார்த்திராதவர்கள். அந்த அட்டையில் பத்து என்பது அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு புள்ளி. ஒவ்வொரு வளையத்துக்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீற்றர்தான். ஐந்து மில்லிமீற்றர் இறங்கினால் பத்து எட்டாகிவிடும். போட்டியில் 60 வெடிகளுக்கும் இப்படியே போனால் அன்றைய நாளை மறந்துவிட வேண்டியதுதான்.

காரணம் மரத்தின் உட்புறத்தில் இருக்கிறது. கட்டையைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால் விளங்கும். வெளியே கை படும் இடமெல்லாம் பளபளக்கும் பூச்சு. உலோகப் பகுதி அமரும் பள்ளத்திலோ உளி போன வழி அப்படியே தெரியும் வெறும் மரம். முன்பக்கத் திருகாணித் துளைகளைச் சுற்றித் துருவின் கறை கருவளையமாக ஊறியிருக்கும், கிண்ண வாஷர் அழுந்திய இடத்தில் மர நார்கள் நசுங்கிப் பள்ளமாகியிருக்கும். அடுப்பிலிருந்து மூன்று வீத ஈரத்தோடு வெளிவரும் தேயிலையைத் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்பது தொழிற்சாலையில் வேலை செய்த எவருக்கும் தெரியும். பூச்சு இல்லாத மரமும் அதையேதான் செய்கிறது. காற்றின் ஈரப்பதன் 65 வீதமாக இருக்கையில் மரம் சுமார் 12 வீத ஈரத்தோடு அமைதியாக இருக்கும். ஈரப்பதன் 90 வீதத்தை நெருங்கி அங்கேயே நின்றுவிட்டால் மரத்தின் ஈரம் 20 வீதம் வரை ஏறும். எல்லா மரமும் இதற்கு ஒரே அளவில் ஊதுவதில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ஆண்டு வளையங்களின் போக்கில் பீச் மரம் பச்சையிலிருந்து முற்றாக உலர்கையில் ஏறத்தாழ 12 வீதம் சுருங்கக்கூடியது. வோல்நட் எட்டு வீதத்துக்குள் அடங்கும். நமது தேக்கு பீச்சின் பாதியளவே அசையும். துப்பாக்கிக் கட்டைக்கு விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக, அதிகம் அசையும் மரத்தைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கி வாழும் நாட்டில் அது நியாயமாகத் தோன்றியிருக்கலாம். 40 மில்லிமீற்றர் அகலமுள்ள முன்கட்டை 12 வீதத்திலிருந்து 18 வீதத்துக்கு முழுமையாக ஈரம் குடித்தால், வளையங்களின் போக்கைப் பொறுத்து, அதன் அகலம் ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட மாறும். உலோகம் மாறாது. இரண்டையும் இறுக்கி வைத்திருப்பவை மூன்று திருகாணிகள்.

ஊதும் மரத்தைத் திருகாணி விடுவதில்லை. எனவே மரம் வெளியே போக வழியின்றித் தன் நார்களையே நசுக்கிக்கொள்கிறது. தையில் வெயில் வந்து மரம் உலரும்போது நசுங்கிய நார் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை, திருகாணி தளர்ந்துவிடும். மழைக்கு இறுகிய மண்வெட்டிப் பிடி வெயிலுக்குக் கழன்று விழுவதும் இதனால்தான். தளர்ந்ததை எலன் கீயால் மறுபடியும் இறுக்குகிறோம், அடுத்த மழையில் இன்னும் கொஞ்சம் நசுங்குகிறது. அதிலும் ஸ்பிரிங் ரைபிளின் உதை இருமுறை வருவது: பிஸ்டன் முன்னே பாய்கையில் ரைபிள் பின்னே உதைக்கும், பிஸ்டன் காற்றில் மோதி நிற்கையில் முன்னே இழுக்கும். இந்த இருதிசை அதிர்ச்சியில், தளர ஆரம்பித்த திருகாணி நான்கைந்து பெட்டிக் குண்டுகளுக்குள் கையால் சுற்றும் நிலைக்கு வந்துவிடும். நீல நிறத் திருகாணிப் பசை போட்டால் திருகாணி சுழலாது, உண்மை. மரம் நசுங்குவதை அந்தப் பசை என்ன செய்யும்?

நண்பருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் ஊறிக் கிடக்கும்போது பண்டாரவளையில் வறண்ட கச்சான் காற்று புழுதி கிளப்பும். அவர்களுக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு மார்கழியில் வரும். பட்டிப்பொலவைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் மூடுபனியோடு நுழையும் ரயில் மறுபக்கம் வெயிலில் வெளிவருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் அங்கே சரிபார்த்த ரைபிளோடு ஆடியில் எங்கள் கூடத்துக்குப் போட்டிக்கு வந்து சில நாட்கள் தங்கினால், மரம் அந்த மாற்றத்தை அவருக்கு முன்னரே உணர்ந்துவிடும்.

இதற்கு மருந்து உண்டு, ஆனால் அது வாங்கிய விலையில் சேராத செலவு. கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் ஆளி எண்ணெயைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். அந்த எண்ணெய் மேலே விழும் நீர்த்துளியைத் தடுக்கும்; காற்றோடு வரும் ஆவியைத் தடுப்பதில் அது மிகவும் பின்தங்கியது. (எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடைக்குள் போடவேண்டாம், அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியவேண்டும்.) நான் கட்டையைத் தளபாடம் செய்யும் தச்சு பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் உள்பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குப் பொலிஷ் அடிக்காத அலுமாரியை நான் செய்து தந்தால் நீங்கள் காசு தருவீங்களா சேர்?" என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளில் இந்த ரைபிளைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அதுதான்.

வேலையின் வரிசை முக்கியம். திருகாணித் துளைகளைப் பெரிதாக்கி, லேத் பட்டறையில் கடைந்த பித்தளை உருளைகளை அவற்றினுள் அரல்டைட் பசை இட்டு நிறுத்தவேண்டும். உருளையின் ஒரு முனை உலோகப் பகுதியையும் மறுமுனை வாஷரையும் தொடவேண்டும். அப்போது திருகாணி இறுக்குவது உலோகத்தை உலோகத்தோடு. நடுவிலுள்ள மரம் ஊதினாலும் சுருங்கினாலும் இறுக்கம் பெரிதாக மாறாது. எண்ணெய் ஊறிய மரத்தில் அரல்டைட் பிடிக்காது, ஆகவே உருளைகள் முதலில், பூச்சு பிறகு. பூச்சுக்கு அரக்குப் பொலிஷை உள்பள்ளம், துளை ஓரங்கள், பின்தட்டைக் கழற்றினால் தெரியும் குறுக்கு வெட்டு ஆகிய எல்லா இடங்களிலும் பல முறை பூசினோம். குறுக்கு வெட்டை மறந்தால் மற்றப் பூச்சுகளால் பெரிய பயனில்லை, ஏனெனில் மரம் அதிக வேகமாக ஈரம் குடிப்பது அங்கேதான். இவ்வளவுக்கும் பிறகு ஐந்து மில்லிமீற்றர் இறக்கம் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையில் வந்து நின்றது. முற்றாக நிற்கவில்லை. அந்த மிச்சம் எனக்கு இன்னும் ஆத்திரமூட்டுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பஞ்சு வைத்த உறைக்குள் ரைபிளை மூடி வைத்தால் கருநீலப் பூச்சின் மேல் துரு பூக்கும். அலுமாரிக்குள் 15 வோற் பல்ப் ஒன்றை எரியவிட்டுத் திறந்த தாங்கியில் நிறுத்துவதே போதுமானது. வெளி உலோகத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் தாராளம். அது காற்று அழுந்தும் அறைக்குள் ஒரு துளி போனாலும் அங்கேயே எரிந்து முத்திரை வளையத்தைப் பாழாக்கும். திறந்த பெட்டியிலுள்ள ஈயக் குண்டுகள் வெண்மை பூக்கும், அவற்றைச் சுடவேண்டாம். டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்ட 2022இல் நல்ல குண்டுகள் கிடைக்காமல், வெண்மை பூத்தவற்றையும் துடைத்துச் சுட்டவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தொலைநோக்கியைவிட வளையப் பார்வைத் தட்டே இங்கு எனக்குப் பிடித்தது, பூஞ்சணம் பிடிக்க அதில் கண்ணாடி இல்லை.

இதற்குப் பதிலாக முன்கூட்டியே காற்று அடைக்கும் பி.சி.பி. ரைபிளை வாங்கினால் என்ன என்றும் நண்பர் கேட்டிருந்தார். உதை இல்லை, திருகாணி தளராது, எல்லாம் சரிதான். அந்த ரைபிளின் காற்று உருளைக்கு 200 பார் அழுத்தத்தில் உலர்ந்த காற்று வேண்டும். அதை நிரப்பித் தரும் முக்குளிப்பு நிலையங்கள் ஹிக்கடுவையிலும் திருகோணமலையிலும் உண்டு. மலையில் யார் முக்குளிக்கப் போகிறார்கள்? கைப்பம்பால் அடித்தால் மூடுபனியையும் சேர்த்தே உருளைக்குள் அடைப்போம். பம்பில் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாவிட்டால் அந்த நீர் உள்ளே தங்கி வால்வை அரிக்கும். ஸ்பிரிங் ரைபிளுக்கும் இந்த உயரம் ஒரு சிறு தண்டம் விதிக்கிறது: ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் அழுத்துவதற்குக் காற்றே குறைவு, கொழும்பில் அளந்த வேகம் இங்கு வராது. பத்து மீற்றருக்கு அது ஒரு பொருட்டில்லை.

ஆகவே என் தீர்ப்பு: வாங்க வேண்டாம். விசை உயர்ந்தது, குழல் உயர்ந்தது, ஸ்பிரிங் நீண்டகாலம் உழைக்கும், விலையும் நல்ல விலை. அப்படியிருந்தும் வேண்டாம் என்கிறேன். இது கணக்குப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பல்ல, சென்ற வாரமும் முன் திருகாணியைச் சரிபார்த்தவனின் தீர்ப்பு. இதே இயந்திரம் செயற்கைக் கட்டையோடு கிடைத்தால், அது எவ்வளவு அவலட்சணமாக இருந்தாலும், யோசிக்காமல் வாங்கலாம். மரக்கட்டைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், விற்பவரிடம் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லவேண்டும். வாஷரின் அடியில் பள்ளம் விழுந்திருந்தால் உருளை, பொலிஷ் வேலைகளுக்கான செலவை விலையிலிருந்து கழிக்கவேண்டும். கழற்றவே விடமாட்டேன் என்றால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம்.

அப்படியானால் வேலை முடிந்த உங்களுடையதைத் தந்துவிடுங்கள் என்று நண்பர் கேட்கக்கூடும். என்னுடையது விற்பனைக்கில்லை. பித்தளை உருளைகளின் அளவை வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்.