காந்தி பத்தா, எஃப்.ஏ.ஓ. பத்தா, தஞ்சை ஆயிரமா? மூன்று வெள்ளி ப்ரூஃப் நாணயங்கள்

ப்ரூஃப் என்றால் சேகரிப்பவர்களுக்கென்றே தனியாக மெருகேற்றி அச்சிடும் நாணயம். சுதந்திர இந்தியாவின் வெள்ளி ப்ரூஃப் நாணயங்களில் ஒன்றே ஒன்று வாங்க வேண்டுமென்றால் எதை வாங்கலாம்? புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் கேட்கும்போது பெரும்பாலும் மூன்று பெயர்கள் அடிபடும். 1969 காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய், 1970 எஃப்.ஏ.ஓ. (ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு) பத்து ரூபாய், 2010 தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ரூபாய். என் ஓட்டு நடுவில் இருப்பதற்கு.

காந்தியில் தொடங்குவோம். 15 கிராம் எடை, அதில் 80% வெள்ளி, 34 மி.மீ. விட்டம். சாதாரண அச்சில் முப்பது லட்சத்துக்கும் மேல் வந்ததால், இன்றும் பல வீட்டு பீரோக்களில் மஞ்சள் துணியில் முடிந்து கிடக்கிறது. ப்ரூஃப் அப்படியில்லை. நாணயப் பட்டியல்கள் தரும் எண்ணிக்கை 9,147 மட்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. புழக்கத்துக்குப் போகாத பளபளப்பான சாதாரண நாணயத்தை 'ப்ரூஃப்' என்று சொல்லி விற்பவர்கள் நிறைய.

பிரித்துப் பார்க்க முதல் வழி மின்ட் மார்க், அதாவது எந்த நாணயச் சாலையில் அச்சானது என்று காட்டும் குறி. மும்பை நாணயச் சாலையின் சாதாரண அச்சில் வைர வடிவச் சிறு குறி இருக்கும். அந்தக் கால ப்ரூஃபில் அதற்குப் பதிலாக ஆங்கில 'பி' (B) எழுத்து. இந்த நாணயத்தில் 1969 என்று தேடாதீர்கள், 1869-1948 என்றுதான் இருக்கும். அடுத்தது மேற்பரப்பு. ப்ரூஃபுக்கு மெருகேற்றிய வெற்றுத் தகட்டை மெருகேற்றிய அச்சில் வைத்து ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்துவார்கள். அதனால் வெற்றிடம் கண்ணாடியாக நிற்கும், எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கும். கடையில் இயந்திரத்தால் மெருகேற்றிய சாதாரண நாணயமும் பளபளக்கும். ஆனால் எழுத்தோரங்கள் மழுங்கியிருக்கும், விளக்கின் கீழ் சாய்த்தால் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும். இதைப் பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ் போதும்.

சரி, எஃப்.ஏ.ஓ.வுக்கு வருவோம். எடை, வெள்ளி, அளவு எல்லாம் காந்திப் பத்தைப் போலவே. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்புக்காக 'எல்லோருக்கும் உணவு' என்ற வாசகத்தோடு வந்தது. 1970 ப்ரூஃப் எண்ணிக்கை மூவாயிரம் சொச்சம்தான், காந்தி ப்ரூஃபில் மூன்றில் ஒரு பங்கு. 1971 அச்சில் அதைவிடவும் குறைவு. ஆனால் விலை அதே விகிதத்தில் ஏறுவதில்லை, ஏனென்றால் தேடுபவர்களும் குறைவு. காந்தி நாணயத்தைக் காந்தி அன்பர்கள், தபால்தலை சேகரிப்பவர்கள், வெளிநாட்டினர் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எஃப்.ஏ.ஓ.வைக் கேட்பவர் நாணயம் தெரிந்தவர் மட்டும்தான். சேகரிப்பவனுக்கு இது நல்ல வாய்ப்பு என்றே நான் நினைக்கிறேன். அதோடு, பசுமைப் புரட்சி வேர்விட்ட வருடங்கள் அவை. அதற்கு அடித்தளம் போட்ட மத்திய அமைச்சர் சி. சுப்பிரமணியமும், விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனும் நம் ஊர்க்காரர்கள். பஞ்சத்தின் நிழல் விலகாத நாட்டில் பத்து ரூபாய் வெள்ளியில் உணவைப் பற்றி எழுதினார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இன்னொன்று, 1972 சுதந்திர வெள்ளிவிழாப் பத்து ரூபாயில் வெள்ளி 50% ஆகக் குறைந்துவிட்டது. 80% வெள்ளியில் வந்த பத்து ரூபாய் என்றால் 1969 முதல் 1971 வரை வந்தவைதான்.

தஞ்சை ஆயிரத்தில் அந்த 80% திரும்ப வந்தது. 35 கிராம், 44 மி.மீ., கைக்கு நிறைந்த கனம். சுத்த வெள்ளி மட்டும் 28 கிராம். இந்தியாவின் முதல் ஆயிரம் ரூபாய் நாணயம் இதுவே. 2016 அறிவிப்பில் செல்லாமல் போனவை நோட்டுகள்தான், இந்த நாணயம் அதில் வரவில்லை. பெரிய கோயில் விமானத்தை வெள்ளியில் பார்க்கும்போது மனசு நிறைகிறது. ஆனால் அரிது என்ற கணக்கில் இது மேலே இரண்டோடும் போட்டிக்கு வராது. பணம் கட்டி முன்பதிவு செய்தவர்களுக்கு நாணயச் சாலையே விற்றது, பெரும்பாலானவை பெட்டியோடு பத்திரமாக இருக்கின்றன. அடுத்து வந்த எம்.ஜி.ஆர். நூறு ரூபாய் போன்றவற்றில் வெள்ளி பாதிதான், மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். அவற்றைவிடத் தஞ்சை ஆயிரம் எவ்வளவோ மேல்.

மூன்றிலும் ஐந்தில் ஒரு பங்கு செம்பு இருப்பதால் நாளடைவில் நிறம் மாறும். மாறட்டும், விடுங்கள். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல விபூதி போட்டுத் தேய்த்தால் கண்ணாடிப் பரப்பு அன்றோடு போச்சு, பிறகு எந்த நிபுணராலும் மீட்க முடியாது. பி.வி.சி. கவரிலும் வைக்கக் கூடாது, பச்சைப் பிசுக்கு படியும். பழைய இரண்டும் பெரும்பாலும் சில்லறை நாணயங்களோடு செட்டாகவே வந்தன. எஃப்.ஏ.ஓ. முழு செட்டாகக் கிடைத்தால் வெள்ளியை மட்டும் தனியே கேட்காமல், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது பெட்டியோடு வாங்கிவிடுங்கள்.