வினைச்சொற்களில் தடுமாறுவோருக்கு ஏற்ற இலக்கண நூல்

ரேமண்ட் மர்ஃபி எழுதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1985இல் முதன்முதலாக வெளியிட்ட ‘இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்’ நூலின் பிற்சேர்க்கையில், ஒழுங்கற்ற வினைகள், அதாவது ‘கோ, வென்ட், கான்’ எனப் பொதுவிதிக்கு அடங்காமல் மாறும் ஆங்கில வினைகள், மூன்று வடிவங்களுடன் அகரவரிசையில் தரப்பட்டுள்ளன. ஆனால் மனப்பாடம் மட்டும் போதாது. ‘வென்ட்’ தனித்து வரும், ‘ஹேவ்’ வந்தால் ‘கான்’ வேண்டும், ‘டிட்’ வந்துவிட்டால் ‘கோ’ மட்டுமே சரி என்பதெல்லாம், இடப்பக்கம் விளக்கமும் வலப்பக்கம் பயிற்சியுமாக அமைந்த பாடங்களைச் செய்து பார்க்கும்போதுதான் கைவசமாகின்றன. இந்த அமைப்பே நூலின் பெரும்பலம் என்பேன்.

ஒரு குறையும் உண்டு. ‘சிங், சாங், சங்’, ‘ட்ரிங்க், ட்ராங்க், ட்ரங்க்’ என ஒரே ஓசைப்போக்கில் மாறும் வினைகள் அகரவரிசையால் சிதறிக் கிடப்பதால், அவற்றை மாணவர்களே நோட்டில் தொகுத்து எழுதிக்கொள்ள வேண்டியுள்ளது. ஆசிரியர் துணையின்றிப் படிப்போர் விடைகளுடன் கூடிய பதிப்பையே வாங்க வேண்டும்.