1942 ஏ-2 ஜாக்கெட்னு சொல்லி ரீப்ரோவ (பழசு மாதிரியே இப்போ புதுசா தைச்ச நகல்) தலையில கட்டிட்டாங்க, உஷார் மக்களே

அமெரிக்க விமானப் படை பழைய ஃப்ளையிங் ஜாக்கெட் ஆன்லைன்ல வாங்கலாம்னு இருக்கறவங்க பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க.

நான் வாங்கினது ஏ-2, இரண்டாம் உலகப் போர் காலத்து விமானிங்க போட்ட தோல் ஜாக்கெட். 1931ல வந்த மாடல், 1943ல அப்போ விமானப் படைத் தலைவரா இருந்த ஜெனரல் ஆர்னால்ட் தோல் ஜாக்கெட்டுக்கு இனிமே புது ஆர்டர் வேணாம்னு நிறுத்திட்டாரு, அதனால நல்ல ஒரிஜினல் சிக்கறதே கஷ்டம், விலையும் எக்கச்சக்கம். அமெரிக்கால இருக்க ஒரு ஆளு, 1942 குதிரைத்தோல், எங்க தாத்தா பாம்பர்ல பறந்தப்ப போட்டதுன்னு சொன்னான். கழுத்து லேபிள், தேஞ்ச தோள்பட்டைன்னு அழகழகா போட்டோ. உள்பக்கம் மட்டும் ஒண்ணு கூட அனுப்பல.

கையில வந்ததும் பாத்தா ஜிப்ல ஒய்கேகேன்னு ஜப்பான் கம்பெனி பேரு, போர்க்காலத்து அமெரிக்க ஜாக்கெட்ல அது இருக்க வாய்ப்பே இல்ல. கேட்டா, ஒடஞ்சுது மாத்தினோம்ங்கறான். அது நடக்கறதுதான், அந்தக் காலத்து அமெரிக்க டேலன் கம்பெனி ஜிப் போயி வேற போட்ட ஒரிஜினல் நிறைய இருக்கு. ஆனா ஜிப்ப மாத்தினா அந்த ஓரத்துல மட்டும்தானே புது நூல் இருக்கணும்? பாக்கெட், தோள்பட்டி, காலர் எல்லாத்துலயும் அதே நூல்! ஒரு பிசிற இழுத்து நெருப்புல காட்டினேன். போர்க்காலத்து தையல் பருத்தி நூல், எரிஞ்சு சாம்பலாகணும், இது உருகி கெட்டி உருண்டையாயிடுச்சு. லைனிங்ல பக்கவாட்டுத் தையல்கிட்ட வரிசையா ஊசி ஓட்டை, இப்போதைய கம்பெனி டேக்கும் வாஷ் கேர் லேபிளும் பிரிச்சு எடுத்த தடம் அப்படியே கட்டமா தெரியுது.

ரீப்ரோ மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. ஜப்பான்ல பஸ் ரிக்சன்ஸ், இங்கிலாந்துல ஈஸ்ட்மேன் எல்லாம் அந்தக் காலத்து ஒவ்வொரு ராணுவ காண்ட்ராக்ட் (எந்தக் கம்பெனி தைச்சு குடுத்த ஆர்டர்) பேட்டர்னையும் பாத்து பாத்து தைக்கறாங்க, ரீப்ரோன்னு சொல்லித்தான் விக்கறாங்க, நானே சந்தோஷமா வாங்குவேன். டேக்க பிரிச்சு, ராணுவ லேபிள ஒட்டி, போருக்குப் போனவங்க பேர சொல்லி விக்கறது பச்சைத் துரோகம்.

பணத்த பேபால்ல நண்பர்-குடும்பம் (ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி) வகையில அனுப்ப சொல்லி கட்டாயப்படுத்தினான், அதுல போனா வாங்கினவனுக்கு பாதுகாப்பே இல்ல, இப்போ பதிலும் இல்ல. இதுக்குள்ள ஃபர் காலர் வச்ச ஒரு நேவி ஜி-1 விக்க போட்டிருக்கான், அதுலயும் லேபிள் க்ளோசப் மட்டும்தான். யாராச்சும் அவன்கிட்ட பேசிட்டு இருந்தா, லைனிங், தையல், ஜிப் இழுக்கற முனை மூணும் தெளிவா தெரியற மாதிரி போட்டோ கேளுங்க, தரலைன்னா விட்டுருங்க.