ஏலகிரி ஏற்றத்துக்கு எடை குறைப்பு: டிபியூ டியூப், ஒற்றை செயின்ரிங், டைட்டானியம் போல்ட்

பரங்கிமலையை விட்டால் சென்னையில் மேடு என்பது மேம்பாலம்தான். ஹில் கிளைம்ப் பந்தயத்துக்காக சைக்கிளின் எடையைக் குறைத்துவிட்டு ஈசிஆரில் ஓட்டிப் பார்ப்பவர்கள் ‘வித்தியாசமே தெரியலையே’ என்று முகம் சுளிப்பது அதனால்தான். சமதளத்தில் காற்றோடுதான் சண்டை. எடை பேச ஆரம்பிப்பது ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில். இந்த மூன்று பொருள்களையும் அந்த மாதிரி ஏற்றத்தை வைத்தே எடை போட வேண்டும்.

அடிப்படை சைக்கிள்: கார்பன் ஃபிரேம், ரிம் பிரேக், ஷிமானோ 105 கியர் செட், எட்டு கிலோவுக்குச் சற்று மேல். ஓட்டுபவர், சைக்கிள், ஷூ, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து 75 கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்த மூன்றாலும் சேர்ந்து ஏறக்குறைய 450 கிராம் குறைப்பது மொத்தத்தில் 0.6 சதவீதம். 45 நிமிட ஏற்றத்தில் அதற்குக் கிடைப்பது 15 நொடி அளவுதான். 750 மில்லி பாட்டிலை நிரப்பி மாட்டினால் அந்த 15 நொடியும் போய், மேலே பத்து நொடி கடனாகிவிடும். யூசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) விதிப்படி நடக்கும் போட்டி என்றால் 6.8 கிலோவுக்குக் கீழே போகவும் கூடாது.

மூன்றில் முதல் மதிப்பெண் டிபியூ (ஒருவகை மெல்லிய பிளாஸ்டிக்) டியூபுக்கு. 700x25 டயருக்கான சாதா பியூட்டைல் (ரப்பர்) டியூப் நூறு கிராமைத் தொடும். டிபியூ 35 முதல் 40 கிராம். இரண்டு சக்கரம், பையில் ஒரு ஸ்பேர் என்று கணக்குப் பார்த்தால் 200 கிராம் ஒரே மதியத்தில் போய்விடுகிறது. விலை குறைந்த வகைகள் ஒன்று ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் கிடைக்கின்றன. ரூபாய்க்கு இத்தனை கிராம் குறைக்கிற பொருள் சைக்கிளில் வேறு இல்லை. உருளும் தடையும் பியூட்டைலைவிடக் குறைவு. ‘சக்கரத்தில் குறைந்த ஒரு கிராம் ஃபிரேமில் இரண்டு கிராமுக்குச் சமம்’ என்று கடையில் சொல்வார்கள். நின்று சீராக மிதிக்கிற ஏற்றத்தில் அது செல்லாது. எங்கே குறைந்தாலும் கிராம் கிராம்தான்.

கையில் எடுத்தால் பால் பாக்கெட் கவர் மாதிரிதான் இருக்கும். மாட்டும் விதமும் வேறு. வெளியே வைத்து ஊதிப் பார்க்கக் கூடாது. வட்டமாக உருவம் வரும் அளவுக்குக் காற்று போதும். ரப்பர் மாதிரி இது சுருங்கித் திரும்பாது, ஒருமுறை உப்பினால் உப்பியதுதான். டயரின் கடைசி விளிம்பைக் கையாலேயே உள்ளே தள்ளுங்கள். டயர் லிவர் போட்டு நெம்பினால் அங்கேயே பஞ்சர் ஆகிவிடலாம். ரிம்முக்குள் ஸ்போக் ஓட்டைகளை மூடும் டேப் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் ஸ்போக் ஓட்டைக்குள் டியூப் பிதுங்கி அறுந்துவிடும். அடிக்கடி கிழிகிற இடம் வால்வு அடிதான். ரிம்மில் வால்வு ஓட்டையின் ஓரம் கூராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, இருந்தால் நைசாகத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். பிளாஸ்டிக் வால்வு என்றால் திருகி மாட்டும் பம்ப் வேண்டாம்; அழுத்திப் பூட்டும் பம்ப் தலைதான் பாதுகாப்பு.

பஞ்சர் ஆனால் தெருமுனைக் கடைக்காரரின் சொல்யூஷன் இதில் ஒட்டாது. ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, டிபியூவுக்கென்று வரும் பேட்ச்சை அழுத்தி ஒட்ட வேண்டும்.

பெரிய எச்சரிக்கை சூடு. பந்தயம் மலை உச்சியில் முடிகிறது. நீங்கள் கீழே இறங்கியாக வேண்டும். ரிம் பிரேக்கை வளைவுக்கு வளைவு பிடித்தபடியே இறங்கினால் ரிம் கொதிக்கும், டிபியூ இளகும். மிக மெல்லிய சில வகைகளை டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் என்றே விற்கிறார்கள். வாங்கும்முன் பெட்டியைப் படியுங்கள். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு முழுதாக விட்டுவிடும் பழக்கம் இல்லாதவர்கள் பயிற்சிக்குப் பியூட்டைலோடு இருப்பதே மேல்.

அடுத்து, முன்பக்கம் இரண்டுக்குப் பதில் ஒற்றை செயின்ரிங் (மிதியோடு சுழலும் பல்சக்கரம்). முன் டிரெயிலியர் (செயினை ஒரு ரிங்கிலிருந்து மற்றதுக்குத் தள்ளும் கருவி), அதன் கேபிள், பெரிய ரிங் மூன்றும் கழன்றால் 200 முதல் 250 கிராம். 36 பல் ரிங், பின்னால் 11-30 கேசட் (11 முதல் 30 பல் வரையிலான பல்சக்கர அடுக்கு) என்றால், மிக லேசான கியரில் 80 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 80 மிதிச் சுற்று) மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம். பழைய முன் 34, பின் 28 பல் ஜோடியும் ஏறக்குறைய இதேதான். ஆனால் மேல் கியரான 36-11இல் 95 ஆர்பிஎம் மிதித்தாலும் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாது. ஈசிஆரில் ஞாயிறு காலை கூட்டத்தோடு ஓடும் சைக்கிளில் இதைச் செய்துவிட்டு மாமல்லபுரம் வரை பின்னாலேயே தொங்காதீர்கள். பந்தயச் சைக்கிள் தனி என்றால் மட்டும் செய்யலாம்.

ரிங் அகலமும் குறுகலுமாக மாறி மாறிப் பல் வைத்ததாக இருக்க வேண்டும். அப்படியும் கிளட்ச் (செயினை ஆடாமல் விறைப்பாக வைக்கும் அமைப்பு) இல்லாத பின் டிரெயிலியரோடு ஒரு வேகத்தடையில் குதித்தால் செயின் கழலும். பத்துப் பதினைந்து கிராம் கொடுத்து செயின் கேச்சர் போடுங்கள். இரண்டு ரிங்கைப் பிடித்த பழைய போல்ட் ஒற்றை ரிங்குக்கு நீளம் அதிகம்: இறுக்கியது போலத் தோன்றும், ரிங் ஆடும், ஒவ்வொரு மிதிக்கும் ‘டிக்’ என்று சத்தம் வரும். குட்டை போல்ட் தனியாகக் கேட்டு வாங்குங்கள். செயினையும் புது அளவுக்கு வெட்ட வேண்டும்.

டைட்டானியம் போல்ட் செட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்டெம், சீட்போஸ்ட், பாட்டில் கூண்டு எல்லாம் மாற்றினாலும் 20 கிராம் தேறுவது கஷ்டம். எடைக்காக வாங்குவது வீண். கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்து ஸ்டெம் போல்ட்டைத் துருவாக்கும் ஊரில் துருப்பிடிக்காத போல்ட் என்று வாங்கினால் நியாயம் உண்டு. மரையில் ஆன்ட்டி-சீஸ் பசை தடவாமல் முறுக்கினால் பிடித்துக்கொண்டு திரும்பிக் கழலாது. அலுமினியம் போல்ட் இன்னும் லேசு என்று ஆசை காட்டுவார்கள். அதை பாட்டில் கூண்டைத் தவிர வேறெங்கும் போடாதீர்கள். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ரெஞ்ச்) இல்லாதவர்கள் போல்ட் காசுக்கு முதலில் அதை வாங்கி, ஸ்டெம்மில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டருக்கு, இறுக்கிப் பழகட்டும்.