லிஃப்ட் செய்த ஜிம்னியில் சக்கரம் தரையை விடாதிருக்க: ஷாக்கா, ஸ்வே பாரா, ரேடியஸ் ஆர்மா?

சுசுகி ஜிம்னியை 2 அங்குலம் உயர்த்திய பலர், குறுக்குப் பள்ளங்களில் முன்பைவிடச் சீக்கிரமாக ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்துக் குழம்புகிறார்கள். உயரம் கூட்டும் ஸ்பிரிங் பெரும்பாலும் கடினமானதாகவும் இருக்கும்; அதோடு பழைய ஷாக் அப்சார்பரே தொடர்ந்தால், வண்டி எவ்வளவு உயர்ந்ததோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் சக்கரம் கீழிறங்கும் வீச்சில் குறைந்துவிடும். இழந்த வீச்சை மீட்க மூன்று வழிகள் உண்டு: நீளமான ஷாக் போடுவது, வண்டி பக்கவாட்டில் சாயாமல் தடுக்கும் கம்பியான ஸ்வே பாரைக் கழற்றுவது, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஆக்சிலைச் சேஸிஸோடு பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம்களை மாற்றுவது. என் வண்டியில் மூன்றாவதைச் செய்திருக்கிறேன் என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீளமான ஷாக் பற்றி விவாதிக்க அதிகம் இல்லை. லிஃப்டுக்கு ஏற்ற நீளத்தில் அது இருந்தே ஆக வேண்டும். ஆக்சில் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, காயில் ஸ்பிரிங் தன் இருக்கையைவிட்டு நழுவுகிறதா என்று பார்த்த பிறகே நீளத்தை முடிவு செய்ய வேண்டும். அளவுக்கு மீறி நீட்டினால், சக்கரம் மேலேறும்போது, அந்த ஏற்றத்தை நிறுத்தும் தடுப்பான பம்ப் ஸ்டாப்புக்கு முன்பே ஷாக் முட்டும்; அதைத் தடுக்க பம்ப் ஸ்டாப்பை நீட்டினால், கீழே கிடைத்த வீச்சில் ஒரு பங்கை மேலே திருப்பிக் கொடுத்ததாக முடியும்.

முன்பக்க ஸ்வே பாரைக் கையால் கழற்றும் வகையில் செருகு ஊசி (pin) வைத்த இணைப்புகள் மலிவானவை. கழற்றியதை மீண்டும் மாட்டினால் வண்டி பழைய நிலைக்கு வந்துவிடும். ஜீப் ராங்லர் ரூபிகானில் 2007 முதல் இதே வேலையை ஒரு பொத்தான் செய்கிறது. நமக்கோ சேற்றில் குனிந்து கழற்றி, பார் டயரில் உரசாதபடி கட்டிவைத்து, தார்ச்சாலைக்கு வருமுன் மறக்காமல் மாட்ட வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், உயர்த்திய வண்டியை ஸ்வே பார் இல்லாமல் இறக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் ஸ்வே பாரைக் கழற்றிய பிறகும் முன் ஆக்சில் முழுச் சுதந்திரம் பெறுவதில்லை என்பதே இங்கு முக்கியம். ஜிம்னியின் ரேடியஸ் ஆர்ம் ஒவ்வொன்றும் ஆக்சிலில் இரண்டு புஷ்களாலும் (ரப்பர் பதித்த உருளைகள்) சேஸிஸில் ஒரு புஷ்ஷாலும் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போது இரு ஆர்ம்களும் ஆக்சில் குழாயை எதிரெதிர்த் திசையில் முறுக்கப் பார்க்கும். குழாய் முறுக்கிக்கொடுக்காது, ஆகவே அந்த அசைவு முழுவதையும் புஷ்ஷின் ரப்பர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

லிஃப்ட் செய்தவர்கள் பெரும்பாலும் கெடுப்பது இந்த இடத்தைத்தான். வண்டி உயர்ந்ததும் காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைகிறது, ஸ்டீயரிங் தானாக நேர்ப்படத் தயங்குகிறது. அதைச் சரிசெய்யத் துளை மையத்திலிருந்து விலகிய, ரப்பரைவிடக் கடினமான பாலியூரிதேன் புஷ்களைப் போடுகிறார்கள். சாலையில் அவை கச்சிதமாகத் தோன்றுவது உண்மை. முன் சக்கரம் ஒன்றை ஒரு கட்டைமேல் ஏற்றி நிறுத்திப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: ரப்பர் புஷ் ஒரு பக்கம் பிதுங்கி, மறுபக்கம் மெல்லிய இடைவெளி விட்டு, ஆர்மைச் சாய விடுகிறது, பாலியூரிதேன் பிதுங்க மறுப்பதால், அதே கட்டையில் எதிர்ச் சக்கரத்தின் அடியில் ஓர் அட்டையைச் செருகும் அளவுக்குச் சுமை குறைந்துவிடுகிறது.

ஆகவே நான் தேர்ந்தெடுத்தது, காஸ்டர் திருத்தம் ஆர்மின் வடிவத்திலேயே செய்யப்பட்டு, கம்பெனி அளவு ரப்பர் புஷ்ஷை ஏற்கும் ரேடியஸ் ஆர்ம்கள். மூன்றிலும் விலை கூடியது இதுதான்; புஷ் மாற்ற ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறையும் வேண்டும். ஆனால் தேயும் பொருள் சாதாரண உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும் ரப்பராகவே இருக்கிறது. பாலியூரிதேனைப் போல் கிரீஸ் கேட்டுக் கிறீச்சிடுவதும் இல்லை. பராமரிப்பில் ஒரே ஒரு விதியைக் கண்டிப்பாகக் காக்க வேண்டும்: ஆர்ம் போல்ட்டுகளின் கடைசி இறுக்கத்தை வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே கொடுக்க வேண்டும். தூக்கி நிறுத்திய நிலையிலேயே இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்டு, சீக்கிரமே கிழியும். ஸ்பிரிங் மட்டும் மாற்றியவர்களும் இந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி மீண்டும் இறுக்குவது அவசியம். பல மெக்கானிக்குகள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

என் வண்டி பெரும்பாலும் எஸ்டேட் பாதைகளிலும் ஓடைப் படுகைகளிலும்தான் ஓடுகிறது. வாரந்தோறும் பாறையேறும் வண்டியில் ரப்பர் இதே அளவு தாங்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அப்படிப்பட்டவர்கள் ஸ்வே பார் இணைப்பையும் சேர்த்தே யோசிக்கலாம். பின்பக்க ஆர்ம்களுக்குக் காஸ்டர் சிக்கல் கிடையாது என்பதால், லிஃப்ட் கிட்டோடு இலவசமாக வந்தாலும் அங்கே பாலியூரிதேனைப் போடாமல், கம்பெனி புஷ்களையே விட்டுவைப்பது நல்லது.