அப்பாவின் 1984 புல்லட்: வீட்டிலேயே இன்ஜினும் கியர்பாக்ஸும் பிரித்துச் சேர்த்து நான்கு வருடம், 23,000 கிலோமீட்டர்

வண்டியைச் சேர்த்து முடித்த வாரமே இதை எழுதியிருக்கலாம். ஆனால் அப்போது என்னிடம் இருந்தது சந்தோஷம் மட்டும்தான். எந்த வேலை நிலைத்து நின்றது, எது திரும்பப் பிரிக்க வைத்தது என்று ஓட்டிப் பார்த்தால்தானே தெரியும்? இப்போது நான்கு வருடம் ஆகிவிட்டது. தைரியமாகச் சொல்லலாம்.

வண்டி 1984 மாடல் புல்லட் 350. அப்பா ஷோரூமில் புதிதாக எடுத்தது. காஸ்ட் அயர்ன் சிலிண்டர், பாயிண்ட் இக்னிஷன், வலது காலில் கியர், இடது காலில் பிரேக், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. 1955-இல் மெட்ராஸில் ஆரம்பித்து, பிறகு திருவொற்றியூர் ஆலையில் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாமல் வந்துகொண்டிருந்த அதே இன்ஜின்தான். வண்டி எடுத்த நாளிலிருந்து அப்பா ஒரு பாக்கெட் நோட்டு வைத்திருக்கிறார். பெட்ரோல், ஆயில், செயின், டயர் என்று எல்லாமே தேதியோடு அதில் இருக்கும்.

2020 கடைசியில் அந்த நோட்டில் ஆயில் வரிகள் நெருங்கி நெருங்கி வர ஆரம்பித்தன. 200 கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் குடித்தது. ஆக்சிலேட்டரை விட்டுத் திரும்ப முறுக்கினால் நீலப்புகை. இரண்டாவது கியர் ஏற்றத்தில் நழுவியது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "ஃபுல் வேலைதான். விட்டுட்டுப் போங்க, பத்து நாள்ல தர்றேன்" என்றார். தப்பான ஆள் இல்லை. ஆனால் அந்த வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்பாவிடம் சொன்னபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பிரிச்சா நீயே சேர்க்கோணும் கண்ணு. பாதியில விட்டு சாக்குப்பையில கட்டி வைக்கிற வேலை வேண்டாம்."

வீட்டில் வேலை பழக இதைவிட நல்ல இன்ஜின் கிடைக்காது என்பது என் கருத்து. 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி. எல்லாப் பாகமும் கைக்கு அடக்கமாக, கண்ணுக்குத் தெரியும் அளவில் பெரிதாக இருக்கும். கியர்பாக்ஸ் இன்ஜினுக்குள் இல்லை, தனிப் பெட்டியாகப் பின்னால் போல்ட் போட்டு நிற்கிறது. அதனால் ஒன்றைத் தொடாமல் இன்னொன்றைப் பிரிக்கலாம். ஒரே தொந்தரவு ஸ்பேனர். பழைய புல்லட்டில் பாதி நட்டுகள் இன்ச் சைஸ். மெட்ரிக் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் நட்டின் முனை மழுங்கிவிடும். கோவை உக்கடத்தில் பழைய பொருள் கடையில் ஒரு இன்ச் செட் வாங்கினேன். கிளட்ச் புல்லர், ஃபீலர் கேஜ், 50–75 மி.மீ. அளக்கும் மைக்ரோமீட்டர் கருவி ஆகியவையும் அங்கேயே கிடைத்தன. இதில் மைக்ரோமீட்டருக்குக் கொடுத்த காசுதான் ரொம்ப உருப்படியான செலவு.

இறக்கும் வேலை இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு இடத்து நட்டு, வாஷரும் தனித்தனிக் கவரில், மேலே எழுதி. ஒன்று மட்டும் கவனம்: டைமிங் பக்கம் கிராங்க் நுனியில் ஆயில் பம்பை ஓட்டும் வோர்ம் நட் இடது மரை. தெரியாமல் வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகிக்கொண்டே போகும்.

சிலிண்டரைக் கணபதியில் ஒரு லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த அண்ணனுக்கு அறுபது வயதுக்கு மேல். போர் கேஜை உள்ளே விட்டு மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளந்தார். மேல் ரிங் நிற்கும் இடத்தில் 0.28 மி.மீ. தேய்ந்திருந்தது. 0.25 மி.மீ. ஓவர்சைஸ் (அந்த அளவு பெரிய பிஸ்டன்) போட்டுச் சிலிண்டரைக் கடைந்தால் அடங்காது, 0.50-தான். அப்போதே போர் போட்டு வைக்கச் சொன்னேன், பிஸ்டனைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பில். அவர் மறுத்துவிட்டார். "தம்பி, டப்பாவில போட்டிருக்கற சைஸை நம்பாதீங்க. பிஸ்டனைக் கொண்டாங்க, அதை அளந்துதான் போர் போடோணும்." கொண்டுபோய்க் கொடுத்தேன். பிஸ்டனின் கீழ்ப்பகுதியான ஸ்கர்ட்டில் அளந்து, நாலரை தவ் (ஒரு தவ் என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.11 மி.மீ. இடைவெளி விட்டுப் போர் போட்டு, உள்சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் விழும்படி ஹோனிங் செய்து கொடுத்தார். வீட்டுக்கு வந்து ரிங்கைச் சிலிண்டரில் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளி பார்த்தால் ஒரு ரிங்கில் 0.15-தான் இருந்தது. அப்படியே போட்டிருந்தால் சூட்டில் இரண்டு நுனியும் முட்டிக்கொண்டு சிலிண்டரைக் கீறியிருக்கும். சின்ன அரத்தால் தேய்த்து 0.30-க்குக் கொண்டுவந்தேன்.

கிராங்க் வீட்டில் செய்கிற வேலை இல்லை. செய்யலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். இந்த இன்ஜினில் பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் முனை) ரோலர் பேரிங் கிடையாது, ஃப்ளோட்டிங் புஷ், அதாவது தானும் சுழலும் உலோக வளையம். புது புஷ், புது பின் போட்டு இரண்டு ஃப்ளைவீலையும் சேர்த்தபிறகு நேர் பார்ப்பதுதான் உயிரான வேலை. அண்ணன் அதை லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவே நிறுத்தி, இரண்டு பக்கமும் டயல் கேஜ் வைத்து, கையால் மெதுவாகச் சுற்றினார். முள் ஏழு கோடு ஆடியது. நிறுத்தி, சாக்பீஸால் ஒரு குறி போட்டு, அந்த இடத்தில் செம்புச் சுத்தியால் ஒரே அடி. திரும்பச் சுற்றல். ஐந்து கோடு. திரும்ப அடி. மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை. மூன்று மணி நேரம் கழித்து முள் ஒன்றரைக் கோட்டில் நின்றபோதுதான் சுத்தியைக் கீழே வைத்தார். அந்த மூன்று மணி நேரத்துக்கு அவர் வாங்கிய கூலி எனக்கு இப்போதும் குறைவாகத்தான் தோன்றுகிறது.

வால்வை நானே லேப்பிங் செய்தேன், அதாவது பேஸ்ட் தடவி அது உட்காரும் இடத்தோடு தேய்த்துப் பொருத்தினேன். போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் வைத்துப் பார்த்தேன், வால்வு ஓரத்தில் கசியவில்லை. ஆயில் பம்ப் டிஸ்க்குகளை ஜன்னல் கண்ணாடித் துண்டின்மேல் மெல்லிய பேஸ்ட் தடவித் தேய்த்து மட்டமாக்கினேன். டைமிங் கவருக்குள் கிராங்க் நுனிக்கு ஆயில் போகும் இடத்தில் ஒரு சின்ன கார்க் சீல் உண்டு. சில ரூபாய்ப் பொருள்தான். அது சரியாக உட்காரவில்லை என்றால் பிக் எண்டுக்குப் போக வேண்டிய ஆயில் வழியிலேயே சிதறிவிடும். கேஸ்கட் செட் வாங்கும்போது அது உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் கியர்பாக்ஸ். இங்கேதான் சறுக்கினேன்.

இன்ஜினுக்கு அவ்வளவு அளந்தவன் கியர்பாக்ஸுக்கு வந்ததும் கண்ணையும் கையையும் நம்பினேன். வெளிக் கவர், உள் கவர் எடுத்தால் மெயின் ஷாஃப்ட், லே ஷாஃப்ட், கியரை நகர்த்தும் ஃபோர்க் எல்லாம் கொத்தாகக் கையோடு வந்துவிடும். இரண்டாவது கியரின் கொக்கிகள் கூழாங்கல் மாதிரி உருண்டிருந்தன, நழுவலுக்கு அதுதான் காரணம். அந்தக் கியரும் ஃபோர்க்கும் மாற்றினேன். பேரிங்குகளும் ஆயில் சீல்களும் புதிது. பெட்டிக்குள்ளேயே நிற்கும் ஸ்லீவ் கியரில் (மெயின் ஷாஃப்ட் நுழையும் குழல் போன்ற கியர்) மெயின் ஷாஃப்ட்டை விட்டு ஆட்டிப் பார்த்தேன். கொஞ்சம் ஆடியது. இவ்வளவு இருக்கும்போல என்று விட்டுவிட்டேன்.

சேர்த்து முடித்த அன்று கிக் அடிக்கும் முன் பிளக்கைக் கழற்றி, ராக்கருக்கு ஆயில் போகும் பைப் போல்ட்டைத் தளர்த்தி, அங்கே ஆயில் எட்டிப் பார்க்கும்வரை கிக்கரை மிதித்தேன். பாயிண்ட் இடைவெளி 0.38 மி.மீ. பாயிண்ட் திறக்கும் நொடியை சிகரெட் பேப்பர் வைத்துப் பிடித்தேன். அப்பா நாற்காலியை ஷெட்டுக்குக் கொண்டுவந்து உட்கார்ந்துகொண்டார். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மிதித்து, சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸரை அழுத்தி ஒரு இழை தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு முழு மிதி. நான்காவது மிதியில் பிடித்தது. அப்பா எழுந்து வந்து சைலன்சர் வாயில் உள்ளங்கையைக் காட்டி முகர்ந்து பார்த்தார். "புகை இல்லை" என்றார். அன்று சாயங்காலம் நோட்டில் அவரே தேதி போட்டார்.

முதல் 100 கிலோமீட்டரில் ஆயில் மாற்றினேன். 300-இல் ஹெட் நட்டுகளைத் திரும்ப இறுக்கினேன். 1,000 வரை 50-க்கு மேல் போகவில்லை. இன்ஜின் பொன்னாக ஓடியது.

3,000 தாண்டியதும் கியர்பாக்ஸ் பேச ஆரம்பித்தது. சிக்னலில் நியூட்ரல் விழாது. கிளட்ச் பிடித்திருந்தும் வண்டி முன்னால் இழுக்கும். கேபிளை அட்ஜஸ்ட் செய்தேன், கிளட்ச் ஸ்பிரிங் ஸ்க்ரூக்களைச் சமம் பார்த்தேன், வெளிக் கவருக்குள் இருக்கும் ஸ்டாப் பிளேட்டை நகர்த்திப் பார்த்தேன். இரண்டு நாள் சரியாக இருப்பதுபோலத் தோன்றும், திரும்ப அதேதான். ஒருநாள் செயின் கேஸைத் திறந்து கிளட்ச்சைக் கையால் பிடித்து ஆட்டியபோதுதான் புரிந்தது. கிளட்ச் மொத்தமும் தலையாட்டியது. ஸ்லீவ் கியருக்குள் இருக்கும் வெண்கலப் புஷ் தேய்ந்து, மெயின் ஷாஃப்ட் உள்ளே ஆடிக்கொண்டிருந்தது. அது ஆடினால் அதன் முனையில் நிற்கும் கிளட்ச்சும் ஆடும், தட்டுகள் நேராகப் பிரியாது. நான் "இவ்வளவு இருக்கும்போல" என்று விட்ட அதே ஆட்டம்தான்.

திரும்ப எல்லாம் பிரித்து, ஸ்லீவ் கியரோடு அண்ணனிடம் போனேன். கடைப் புஷ்ஷை அடித்து ஏற்றினார். ஏற்றியதும் ஷாஃப்ட் உள்ளே போகவில்லை. "அடிச்சா புஷ் சுருங்கும் தம்பி. ரீமர் விட்டாத்தான் அளவு வரும்" என்று ரீமரை மெதுவாகத் திருப்பி, ஷாஃப்ட்டைப் போட்டுப் பார்த்து, திரும்ப ஒரு சுற்று விட்டுக் கொடுத்தார். ஆயில் தடவிய ஷாஃப்ட் தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்கியது, பக்கவாட்டில் துளியும் ஆடவில்லை. இந்த முறை உள் கவர் புஷ்கள், லே ஷாஃப்ட் புஷ்கள் எல்லாவற்றையும் அளந்தேன். இன்னும் இரண்டு மாற்ற வேண்டியிருந்தது. அதன்பிறகு 20,000 கிலோமீட்டருக்கு அருகில் ஓடிவிட்டது. கியர்பாக்ஸைத் திறக்கவே இல்லை. குதிகாலால் நியூட்ரல் லிவரைத் தட்டினால் ஒரே தட்டில் விழுகிறது.

இந்த நான்கு வருடத்தில் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி நான்கு தடவை போய்வந்தேன், அதில் இரண்டு முறை அப்பாவைப் பின்னால் வைத்துக்கொண்டு. மைலேஜ் முன்பு 30-ஐத் தொடாது, இப்போது 36, 37 தருகிறது. 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன், நடுவில் ஊற்றுவது 150 மில்லிக்குள்தான். டேப்பட், அதாவது வால்வு இடைவெளியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பேன். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராட் விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அவ்வளவுதான். செயின் கேஸ் ஓரத்தில் ஒரு வருடம் கசிந்தது. நடு நட்டை அளவுக்கு மீறி இறுக்கிக் கவரை வளைத்துவிட்டேன். வேறு கவர், புது ரப்பர் போட்டு அளவாக இறுக்கியதும் நின்றது. கியர்பாக்ஸில் வெறும் ஆயில் நிற்காது. கிரீஸும் ஆயிலும் கலந்து போடும் பழைய முறையே சரி.

செலவு 2021-இல் ஸ்பேனர்கள் உட்பட 34,000 ரூபாய் சொச்சம். திரும்பப் பிரித்த வேலைக்கு இன்னும் 3,800. பத்து நாளில் முடிப்பதாகச் சொன்ன மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தால் ஏறக்குறைய இதே காசுதான் ஆகியிருக்கும். எனவே காசு மிச்சம் பிடிக்க நினைத்து இறங்காதீர்கள். எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. ஸ்பேர் பார்ட்ஸ் இப்போதும் கிடைக்கிறது. கோவையில் கிடைக்காத ஃபோர்க் மட்டும் சென்னை ஜி.பி. ரோட்டில் தேடி வாங்கினேன். ஒரு கடையில் வாங்கிய கிக்கர் பால் (pawl, கிக்கரில் பல்லைப் பிடிக்கும் கொக்கி) மூன்றே மாதத்தில் பல் போனது. அதிலிருந்து எந்தப் பாகம் வாங்கினாலும் பழையதைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் வைத்து அளந்துதான் காசு கொடுக்கிறேன்.

போன மாதம் ஹெட் கேஸ்கட் ஓரத்தில் ஈரம் தெரிந்ததால் ஹெட்டை இறக்கினேன். இறக்கியதுதான் இறக்கினோம் என்று அண்ணனைப் போர் கேஜோடு வீட்டுக்கே கூட்டிவந்தேன். அதே மூன்று இடம், அதே இரண்டு திசை. மேலே 0.03 தேய்மானம். ஹோனிங் கோடுகள் கீழ்ப் பாதியில் இன்னும் தெரிந்தன. அப்பாவுக்கு இப்போது கை நடுங்குகிறது, எழுத முடிவதில்லை. அவர் சொல்லச் சொல்ல, தேதி, கிலோமீட்டர், அளவு மூன்றையும் நோட்டில் நான் எழுதினேன். அடுத்த வேலை கிளட்ச் பிளேட். தட்டுகளின் கனத்தை அளந்து வைத்துவிட்டேன், பொங்கல் லீவில் மாற்ற வேண்டும்.